பழைய காருக்கு எந்த புஷ், எந்த கண்ட்ரோல் ஆர்ம்? டர்பன் கடைகளில் கிடைக்கும் சரக்கின் தராதரம்

கண்ட்ரோல் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் உடலோடு சேர்க்கும் கை. பொதுவாக அதன் உடல்பக்கத்தில் இருக்கும் ரப்பர் தாங்கிதான் புஷ், சக்கரப்பக்க முனையில் இருக்கும் குண்டு மூட்டுதான் பால் ஜாயின்ட். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிட்டி கோல்ஃப் வைத்திருப்பவர் தன் காரோடு வந்த இரும்பு ஆர்மைத் தூக்கிப் போடாமல், நல்ல புஷ்ஷும் நல்ல பால் ஜாயின்ட்டும் வாங்கி அதிலேயே போட வேண்டும். பி.எம்.டபிள்யூ இ46 (மூன்றாம் வரிசை) காரர் லெம்ஃபோர்டர் ஆர்மும், பிராக்கெட்டோடு சேர்ந்து வரும் மைலே எச்.டி. புஷ்ஷும் வாங்கலாம். டொயோட்டா டாஸுக்கு ஜப்பானிய 555 பால் ஜாயின்ட், டொயோட்டா கவுன்ட்டரில் கிடைக்கும் ஒரிஜினல் புஷ். பேர் தெரியாத டப்பாவில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மலிவாக வரும் முழு ஆர்ம் செட்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ரப்பருக்குப் பதிலாக வரும் கடினமான பிளாஸ்டிக்கான பாலியூரித்தேன் புஷ் சில இடங்களுக்கு அருமை, சில இடங்களுக்குக் கேடு.

எந்த ரப்பர் புஷ்ஷை வாங்கினாலும் சரி, காரை ஸ்டாண்டில் தொங்கவிட்டபடியே போல்ட்டை இறுக்கினால் சில மாதங்களில் புஷ் கிழியும். மட்டமான பிராண்டால் வீணாகும் பணத்தைவிட இந்த ஒரு தவறால் வீணாகும் பணம்தான் அதிகம். ஆகவே சரக்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதைப் போடும் முறையைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும்.

நம் ஊர் நிலவரம் தெரிந்ததுதான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ரிசர்வாயர் ஹில்ஸ் எல்லாம் மேடும் பள்ளமும். தெருவுக்குத் தெரு வேகத்தடை. 2022 ஏப்ரல் வெள்ளம் க்வாசூலு-நட்டால் சாலைகளைப் பிய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு ஒட்டுப்போட்ட இடங்களில் சக்கரம் விழுந்து எழுவது அன்றாடம். இசிப்பிங்கோவிலிருந்து டோங்காட் வரை உப்புக் காற்று வேறு. இந்த உப்பு ரப்பரை அவ்வளவாகத் தொடாது. ரப்பரைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழலையும், நடுவே போகும் போல்ட்டையும்தான் தின்னும். டர்பனில் இந்த வேலை ஜோஹன்னஸ்பர்க்கைவிட நேரம் பிடிப்பதற்கு அந்தத் துருதான் காரணம்.

நம் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களின் வயதையும் பாருங்கள். யூட்டன்ஹாகேயில் 1984-இல் தொடங்கிய சிட்டி கோல்ஃப் 2009-இல் நின்றது. பிராஸ்பெக்டனில் கட்டிய டாஸ் 2006-இல் நின்றது. ரோஸ்லினில் கட்டிய இ46 2005 வாக்கில் முடிந்தது. ஒரு தடவையும் மாற்றாத புஷ் இந்தக் கார்களில் இன்னும் இருந்தால் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

புஷ் எப்படி வேலை செய்கிறது

வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே வேகவைத்து ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது புஷ்ஷுக்குள் எதுவும் உருளுவதில்லை, வழுக்குவதில்லை. போல்ட் உள்குழலை இறுகப் பிடித்துக்கொள்கிறது, ஆர்ம் வெளிக்குழலைப் பிடித்துக்கொள்கிறது, நடுவில் ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சாதாரணமாகக் கார் தரையில் நிற்கும் உயரத்தில் ரப்பரில் முறுக்கே இருக்கக் கூடாது. அங்கிருந்து கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று இரண்டு பக்கமும் சமமாக முறுகினால் பல வருடம் உழைக்கும்.

சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பரின் சுழிநிலை கீழேயே நின்றுவிடும். காரை இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுகி நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அந்த முறுக்கு போகாது. வேகத்தடையில் ஏறினால் இருக்கும் முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கு. முதலில் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு வரும், பிறகு உள்குழலை விட்டே ரப்பர் பிரிந்துவிடும். 'புதுசாப் போட்டு ஆறு மாசம்கூட ஆகலை, மறுபடியும் டொக் டொக்னு கேக்குது' என்று வரும் கார்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

உண்மையிலேயே புஷ்தானா?

முன்பக்கம் சத்தம் என்றாலே புஷ் என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியை ஆர்மோடோ ஸ்ட்ரட்டோடோ இணைக்கும் சிறு தண்டு), ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராக் முனை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தட்டும். பிரித்தறிய வழி உண்டு.

சின்னச் சின்ன கரடுமுரடில் விடாமல் கடகடவென்று தட்டினால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். லிங்க்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு தெரு ஓட்டினால் சத்தம் போய்விடும், விடை கிடைத்துவிடும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் மேல் மவுண்ட். பிரேக்கை மிதிக்கும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு 'டொக்', ரிவர்ஸ் போட்டு மறுபடி பிரேக் பிடித்தால் இன்னொரு 'டொக்' என்றால் கண்ட்ரோல் ஆர்மின் பின் புஷ். முன்னும் பின்னும் தள்ளும் விசையைத் தாங்குவது அதுதான். பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுப்பதும், நெடுஞ்சாலையில் நேராகப் போகாமல் அலைவதும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வதும் அதே புஷ்ஷின் வேலையாக இருக்கலாம்.

கண்ணால் பார்க்க ஆள் துணை வேண்டும். சமதரையில் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி ஒரு சாண் நகர்த்தி பிரேக் பிடிக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில், காரின் பாதையிலிருந்து விலகி நின்று, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியைக் கவனிக்கட்டும். நல்ல புஷ்ஷில் சக்கரம் அசைவதே தெரியாது. பிய்ந்த புஷ்ஷில் சக்கரம் முன்னும் பின்னும் குதிப்பது கண்ணுக்கே தெரியும்.

பால் ஜாயின்ட்டுக்குச் சோதனை வேறு. இந்தக் கார்கள் மூன்றிலும் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். ஸ்பிரிங்கின் பாரம் கீழ் பால் ஜாயின்ட்டில் விழாது. அதனால் ஆர்முக்கு அடியில் ஜாக் வைக்காமல், உடலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) நடுவே கடப்பாரையை விட்டு மெல்ல நெம்புங்கள். ஆட்டம் தெரிந்தால் ஜாயின்ட் போயிற்று. நெம்புகோலை ரப்பர் உறையில் ஊன்ற வேண்டாம். உறை கிழிந்தால் நல்ல ஜாயின்ட்டும் ஒரு மழைக்காலத்தில் முடிந்துவிடும்.

பி.எம்.டபிள்யூ காரர்களுக்குத் தனியாக ஒன்று. இ39 ஐந்தாம் வரிசையில் முன்னாலுள்ள த்ரஸ்ட் ஆர்ம் (முன்பின் விசையைத் தாங்கும் ஆர்ம்) புஷ்ஷுக்குள் எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் ஒழுகிப் போனால் 80–100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்று டிஸ்க்கும் பேடும் மாற்றுவார்கள். புது டிஸ்க்கில் நடுக்கம் கொஞ்ச நாள் குறையும், பிறகு திரும்பி வரும். டிஸ்க்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ்ஷுக்குக் கீழே கருத்த எண்ணெய்க் கோடு வழிந்து, அதில் மண் ஒட்டியிருந்தால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

கடையில் இருக்கும் சரக்கு

லெம்ஃபோர்டர். ஜெர்மனியின் இசட்.எஃப். குழுமத்தைச் சேர்ந்தது. பி.எம்.டபிள்யூவுக்கே ஆர்ம் செய்து கொடுத்த நிறுவனம். இ46-இல் முன் ஆர்ம் அலுமினியம், இரண்டு பால் ஜாயின்ட்டும் அதிலேயே சேர்ந்தது. ஜாயின்ட் போனால் முழு ஆர்மையும் மாற்றுவதுதான் ஒழுங்கான வழி. இங்கே காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. ஜாயின்ட்டின் உட்பூச்சும், உறையின் ரப்பரும், உறையைப் பிடிக்கும் கம்பி வளையமும் எப்படி இருக்கின்றன என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. லெம்ஃபோர்டரில் இவை மூன்றும் உறுதி. புது ஜாயின்ட்டின் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கனத்து நகர வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொளதொளப்பும் இருந்தால் அது போலி. ஆர்மில் ஆந்தை முத்திரை இருக்கிறதா, வார்ப்பு எண் தெளிவாக இருக்கிறதா, பெட்டியில் ஒட்டிய எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். இந்தப் பெயருக்குப் போலிகள் நிறைய.

மைலே எச்.டி. ஹம்பர்க் நிறுவனம். ஒரிஜினல் புஷ்ஷில் எங்கெல்லாம் எண்ணெய் அறையோ வெற்றிடமோ வைத்து மென்மை கூட்டியிருக்கிறார்களோ, அங்கெல்லாம் எச்.டி. வகையில் கனத்த ரப்பரே நிரம்பியிருக்கும். ஒழுக எண்ணெய் இல்லை. நம் சாலைகளுக்கு இது மிகப் பொருத்தம். விலை என்னவென்றால் ஸ்டியரிங்கில் சாலையின் கரடு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பழக ஒரு வாரம் போதும். பிராக்கெட்டில் ஏற்கெனவே அழுத்திப் பொருத்தியே விற்கிறார்கள். பிரஸ் மெஷின் இல்லாதவர் அதைத்தான் வாங்க வேண்டும். எச்.டி. சரக்குக்கு நான்கு வருட உத்தரவாதம் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. உங்களுக்கு விற்கும் கடை அதை ஏற்றுக்கொள்கிறதா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். சாதாரண மைலே வேறு, எச்.டி. வேறு. பெட்டியில் அந்த இரண்டு எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

இ36 (இ46-க்கு முந்தைய மூன்றாம் வரிசை), இ46 இரண்டுக்கும் பின் புஷ் பார்ப்பதற்கு ஒரே ஜாடை. ஆனால் பிராக்கெட்டின் உள்விட்டம் இ36-இல் 60 மில்லிமீட்டர், இ46-இல் 66. கவுன்ட்டரில் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோங்கள். இ36-க்கு நடுவில் துளையுள்ளதும், துளை சற்று விலகியதும் என இரண்டு வகை வேறு. இரண்டு பக்கமும் ஒரே வகையாக இல்லையென்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும், எந்த அலைன்மென்ட் கடையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஃபெபி. நடுத்தரம், ஆனால் நேர்மையான நடுத்தரம். சிட்டி கோல்ஃப் புஷ்ஷுக்கு இது போதும். கோல்ஃப் சாமான்களுக்குக் கோல்ட்வேகன் கிளைகளில் தேர்வு அதிகம், மிடாஸ் கடைகளிலும் கிடைக்கும்.

555. ஜப்பானின் சான்கெய் நிறுவனத்தின் பெயர். டொயோட்டா, பழைய ஹோண்டா, நிசான் பேக்கி எல்லாவற்றுக்கும் பால் ஜாயின்ட் என்றால் இதுதான் முதல் பெயர். இதற்கும் போலி உண்டு. அசலில் எண் உலோகத்தில் அழுத்திப் பதிந்திருக்கும். போலியில் மேலோட்டமாகச் சுரண்டியது போல இருக்கும், கிரீஸ் ஓரமெல்லாம் பிதுங்கியிருக்கும். டாஸின் பால் ஜாயின்ட் ஆர்மோடு ஒரு போல்ட்டும் இரண்டு நட்டும் கொண்டு சேர்கிறது. ஆர்மைக் கழற்றாமலே மாற்றலாம் என்பதால் முழு ஆர்ம் விற்கப் பார்க்கும் கடைக்காரரிடம் தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்லலாம்.

பாலியூரித்தேன். பவர்ஃபிளெக்ஸ் இங்கிலாந்துச் சரக்கு, சூப்பர்ப்ரோ ஆஸ்திரேலியச் சரக்கு. பவர்ஃபிளெக்ஸில் நிறமே கடினத்தைச் சொல்லும். மஞ்சள் 70 ஷோர் ஏ (கடினத்தின் அளவு, எண் கூடினால் கடினம் கூடும்), ஊதா 80, கறுப்பு 95. தெருவில் ஓடும் காருக்குக் கறுப்பு வேண்டாம். பாலியில் ரப்பர் போல ஒட்டு கிடையாது. உள்குழல் அதற்குள் உருளும். அதனால் முறுக்கு நிற்பதில்லை, தொங்கவிட்டு இறுக்கினாலும் கெடாது. எண்ணெய் பட்டாலும் உப்பாது. எஞ்சின் ஒழுகும் பழைய கோல்ஃபுக்கு இது ஒரு வரம். உருளுவதால்தான் கிரீஸ் வேண்டும். கிரீஸ் காய்ந்தால் வேகத்தடையில் பழைய கட்டில் போல் கிறீச்சிடும். பெட்டியில் தரும் கிரீஸையே போட வேண்டும். வழக்கமான சேஸிஸ் கிரீஸ் வேண்டாம்.

பாலி எங்கே ஆகாது என்றால், ஒரே அச்சில் மட்டும் திரும்பாமல் பல பக்கமும் வளைய வேண்டிய இடத்தில். இ46 பின் ட்ரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தை முன்பின்னாகப் பிடிக்கும் கை) புஷ் அப்படிப்பட்டது. ஆர்ம் மேலே போகும்போது கொஞ்சம் திருகிக்கொள்ளவும் வேண்டும். கடினமான பாலி அதற்கு இடம் தராமல் இறுக்கிப் பிடித்தால் விசை பிராக்கெட்டுக்கும் தரைத் தகட்டுக்கும் போகும். இ46-இல் பின் சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தரைத் தகடு வெடிப்பது தெரிந்த நோய். அங்கே கூடுதல் விசை ஏற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. பின்னால் லெம்ஃபோர்டர் ரப்பரே இருக்கட்டும். பின்பக்கம் கழற்றும்போது டார்ச் அடித்து அந்தத் தகட்டையும் பார்த்துவிடுங்கள்.

சிட்டி கோல்ஃபில் ஊதாப் பாலியை ஆர்மின் முன் புஷ்ஷில் தாராளமாகப் போடலாம், ஸ்டியரிங் கூர்மையாகும். பின் புஷ்ஷிலும் போட்டால் டேஷ்போர்டு நடுங்கும். அதைப் பொறுத்துக்கொள்பவர் போடட்டும். குடும்பத்தோடு ஐந்து பேராக ஈஸ்டருக்கு மௌண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கும், லீவுக்கு ஜோஹன்னஸ்பர்க்குக்கும் போகும் கார் என்றால் பின்னால் ரப்பர்தான் சுகம்.

பேர் தெரியாத முழு ஆர்ம் செட். மலிவாகக் கிடைப்பதன் காரணம் மூன்று இடத்தில் தெரியும். தகடு மெல்லியது, வெல்டிங் விட்டுவிட்டு இருக்கும், புஷ்ஷின் ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். பால் ஜாயின்ட் தண்டின் கூம்புச் சரிவு பிசகினால் நக்கிளில் முழுக்க உட்காராது. நட்டை இறுக்கினாலும் ஓட ஓட தளர்ந்து துளையையே அகட்டிவிடும். பிறகு நக்கிளும் மாற்ற வேண்டும். ஓடும்போது ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிழும். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது!

எந்தப் பிராண்டானாலும் ரப்பரில் வார்த்த தேதி வட்டத்தைப் பாருங்கள். சின்ன வட்டத்துக்குள் வருட எண்ணும், மாதத்தைக் காட்டும் அம்புக்குறியோ புள்ளிகளோ இருக்கும். பத்து வருடம் அலமாரியில் கிடந்த ஒரிஜினலைவிடப் போன வருடம் செய்த ஃபெபி மேல்.

முழு ஆர்மா, புஷ் மட்டுமா

சிட்டி கோல்ஃபின் அழுத்துத் தகட்டு ஆர்ம் முரட்டு உழைப்பாளி. நடைபாதைக் கல்லில் மோதி வளையாமலும், துரு தின்று ஓட்டை விழாமலும் இருந்தால் அதைவிட நல்ல ஆர்மை இன்று கடையில் வாங்க முடியாது. கழற்றியதும் இரண்டு பக்க ஆர்மையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துத் துளைக்குத் துளை பாருங்கள். வளைவு இருந்தால் உடனே தெரியும். வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்தக் கூடாது. அலுமினிய ஆர்மில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

தொழிற்சாலையில் போட்ட பால் ஜாயின்ட் மூன்று ரிவெட்டால் பிடித்திருக்கும். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் சின்ன பிட்டால் துளைத்து, பிறகு பெரிய பிட்டால் தலையை மட்டும் எடுத்து, மீதியைப் பஞ்சால் தட்டி வெளியே தள்ளுங்கள். ஆர்மின் துளை பெரிதாகிவிடக் கூடாது. புது ஜாயின்ட்டோடு வரும் போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். பழைய டப்பாவில் கிடக்கும் சாதாரண போல்ட் இதற்கு ஆகாது.

போடும் முறை

காரைத் தூக்குவதற்கு முன்பே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நிற்கும்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள். கடைசியில் இந்த எண்தான் உதவும். காரைத் தாழ்த்தி ஓட்டும் இளைஞர்கள் தாழ்த்திய உயரத்தையே அளக்க வேண்டும். பழைய உயரத்தில் இறுக்கிய புஷ்ஷோடு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் எல்லாப் புஷ்ஷும் முறுகிப்போய் நிற்கும். ஸ்பிரிங் மாற்றிய அன்றே ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்குவது கட்டாயம்.

போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். போல்ட் உள்குழலோடு ஒட்டிப் பிடித்திருந்தால், தலையைத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து முறுகும். அப்போது நீளமான கம்பியை மாட்டி இழுத்தால் போல்ட் முறியும். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ரம்பத்தை விட்டு அறுத்தெடுப்பது மேல். புது போல்ட்டின் வழவழப்பான உடலில் ஆன்ட்டி-சீஸ் பசை பூசுங்கள். மரையில் பூச வேண்டாம், டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) கணக்கு கெட்டுவிடும்.

கோல்ஃபில் பால் ஜாயின்ட் தண்டு நக்கிளுக்குள் ஒரு கிளாம்ப் போல்ட்டால் பிடித்திருக்கும். கிளாம்ப்பின் பிளவில் உளியை மெல்ல நுழைத்து விரித்தால் தண்டு தானே இறங்கும். திரும்பப் போடும்போது தண்டு முழு ஆழத்துக்கு ஏறாவிட்டால் போல்ட் குறுக்கே போகாது. அந்தத் தண்டிலுள்ள காடி போல்ட்டுக்காகத்தான் இருக்கிறது. போல்ட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றாமல் தண்டை இன்னும் மேலே தள்ளுங்கள். ஹப்பை வெளியே இழுக்கையில் டிரைவ் ஷாஃப்ட் நீண்டு உள் ஜாயின்ட் கழன்றுவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க நெருப்பு வைப்பது வழக்கம். நாற்றமும் நச்சுப் புகையும்தான் மிச்சம். உள் ரப்பரைத் துளைத்துத் தள்ளிவிட்டு, வெளிக்குழலை உள்ளிருந்து ரம்பத்தால் ஒரே கோடாக அறுத்து, மடக்கி எடுங்கள். ஆர்மின் கண்ணில் ரம்பம் படக் கூடாது. புது புஷ்ஷை ஏற்றப் பிரஸ் வேண்டாம் என்றால் உறுதியான எம்12 மரைக்கம்பி, இரண்டு கனத்த வாஷர், புஷ்ஷின் வெளிவிட்டத்துக்குச் சரியான ஒரு சாக்கெட், மறுபக்கம் சற்று அகன்ற குழாய்த் துண்டு போதும். அழுத்தம் வெளிக்குழலின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். நடுவில் அழுத்தினால் ரப்பரின் ஒட்டு முதல் நாளே விட்டுப்போகும். உயவுக்குச் சோப்புத் தண்ணீர். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ ரப்பரைத் தொடக் கூடாது. புஷ்ஷில் வெற்றிடம் இருந்தால் பழையதில் அது எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இ46-இல் ஆர்மின் பின்முனை அறுகோணம். அது புஷ்ஷுக்குள் வழுக்கி ஏறும். எவ்வளவு ஆழம் ஏற வேண்டும் என்று பட்டறைக் கையேட்டில் அளவு இருக்கிறது. பிராக்கெட்டிலுள்ள குறியும் புஷ்ஷிலுள்ள அம்பும் நேராக வர வேண்டும். சோப்புத் தண்ணீர் காய்வதற்குள், அதாவது அரை மணி நேரத்துக்குள், காரைச் சக்கரத்தில் இறக்கி நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகும் வேலை இதில் கிடையாது. பால் ஜாயின்ட் பிரிக்க முள்கரண்டி மாதிரி இருக்கும் கருவி வேண்டாம், உறையைக் கிழிக்கும். நெம்பி அழுத்தும் வகையே நல்லது. தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகள் எல்லாம் புதிது.

இனி இறுக்குவது. எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, காரைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பானெட்டை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். பிறகு குழியிலோ ராம்ப்பிலோ நிறுத்தி டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். குழி இல்லையென்றால், உடல் ஸ்டாண்டில் இருக்க, இன்னொரு ஜாக்கால் ஹப்பைத் தூக்கி, முதலில் எழுதி வைத்த மில்லிமீட்டர் வரும்போது நிறுத்தி இறுக்கலாம். அப்போது கார் ஸ்டாண்டை விட்டு எழும்பாமல் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். டார்க் அளவை அந்தந்த மாடலின் கையேட்டிலிருந்து எடுங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு மாடலுக்கு அளவு ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இ46 பின் ட்ரெய்லிங் ஆர்ம் பிராக்கெட்டில் துளைகள் நீளவாக்கில் இருப்பதால், அது நிற்கும் இடமே சக்கரத்தின் டோ கோணத்தை (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை) தீர்மானிக்கிறது. கழற்றும் முன் கூரான ஊசியால் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறி வையுங்கள். நடு போல்ட்டைப் பிராக்கெட் சரியான கோணத்தில் இருக்கும்போது இறுக்கி, அதற்குப் பிறகே உடலில் மாட்ட வேண்டும்.

இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பிறகு சில பத்து கிலோமீட்டர் ஓட்டிப் படியவிட்டு அலைன்மென்ட். கோல்ஃபுக்கும் டாஸுக்கும் முன்பக்கம் போதும், இ46-க்கு நான்கு சக்கரமும்.

பட்டறையில் கொடுத்தால்

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பழுதுபார்க்கும்போது போட்ட புதுச் சாமானுக்கும் அதைப் போட்ட கூலிக்கும் பட்டறை மூன்று மாதம் பொறுப்பு என்கிறது 57-ஆம் பிரிவு. கடையில் வாங்கிய சாமான் மோசமானதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது 56-ஆம் பிரிவு. கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளருக்கே திருப்பித் தர வேண்டும் என்பது 67-ஆம் பிரிவு. அந்தப் பழைய புஷ்ஷைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கிழிசல் எங்கே என்று பார்த்தால் அது மாற்ற வேண்டியதுதானா என்பது தெரியும். ஒரே பக்கமாக வளைந்து கிழிந்திருந்தால் முன்பு போட்டவர் தொங்கவிட்டு இறுக்கியிருக்கிறார் என்றும் தெரியும்.

வண்டியை விடும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். 'போல்ட்டைக் கடைசியில் எந்த நிலையில் இறுக்குவீங்க, தம்பி?' 'எந்த பிராண்ட் போடப் போறீங்க, பெட்டியைக் காட்டுங்க.' முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் இரண்டாவது கேள்விக்கு அவசியம் இல்லை. காரை விற்கும் எண்ணம் இருப்பவர் இந்த வேலையை ரோட்வொர்த்தி சோதனைக்கு (கார் சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை) முன்பே முடித்துவிட வேண்டும். சோதனைக்காரர் முதலில் நெம்பிப் பார்ப்பதே இந்த ஜாயின்ட்டுகளைத்தான். மாற்றிய பிறகு ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு தடவை எல்லா நட்டையும் டார்க் ரென்ச்சால் தொட்டுப் பாருங்கள், பால் ஜாயின்ட் உறைகளில் கிரீஸ் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.